மூன்று ராஜாக்கள் ரொட்டியும் குண்டு மிளகாயும்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் அண்ணன் மகள் அமெரிக்காவில், ஹூஸ்டனில் படிக்கிறாள். போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு மெக்சிகோத் தோழி வீட்டில் தங்கியிருந்துவிட்டு, அங்கே சாப்பிட்ட பலகாரங்களையெல்லாம் படம் எடுத்து அனுப்பினாள். வளையமாக ஒரு ரொட்டி, அதன் மேலே கலர் கலராகப் பழத்துண்டுகள். பூ மாதிரி பொரித்த ஒரு பண்டம், அச்சு அசல் நம் அச்சு முறுக்கு. இந்த வருஷம் வீட்டில் செய்து பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. ஆனால் எங்களிடம் ஓவன் கிடையாது. அவள் சொல்லும் சாமான்களை ராமநாதபுரத்தில் கேட்டால் கடைக்காரர்கள் முழிக்கிறார்கள். ஆன்லைனில் பார்த்தால் ஒரு பாக்கெட் மக்காச்சோள மாவு யானை விலை. மாமியார் வேறு, "நம்ம பலகாரத்தைச் செய்யவே வீட்டுல ஆளைக் காணோம், இது எதுக்கு?" என்கிறார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பண்டிகை ராத்திரி எல்லோருமாக வெளியே போய்ச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். பிள்ளைகள் டாக்கோ, அதாவது அடைக்குள் கறி வைத்து மடித்துத் தருகிற மெக்சிகோப் பண்டம், வேண்டும் என்றார்கள் என்று போன தடவை ஒரு பெரிய ஓட்டலுக்குப் போனோம். சப்பாத்திக்குள்ளே குடைமிளகாயும் தக்காளி சாஸும் வைத்துக் கொடுத்தார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் ஆசைப்படலாமா அக்கா? எதைச் செய்யலாம், எங்கே சாப்பிடலாம்?

ஒரு வாசகி, தங்கச்சிமடம்

---

அன்புள்ள தங்கைக்கு,

தாராளமாக ஆசைப்படலாம். உங்கள் ஊர் இதற்குத் தோதான ஊர் என்றுகூடச் சொல்வேன். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: செய்முறையும் பண்டிகை வழக்கமும் அவர்களுடையதாகவே இருக்கட்டும், சாமானை இங்கே வாங்குங்கள். மெக்சிகோவில் இதைச் செய்கிற பெண்ணும் பக்கத்துச் சந்தையில் கிடைப்பதைக் கொண்டுதான் செய்கிறாள். பாக்கெட்டைத் தேடி அலைய வேண்டியதே இல்லை.

முதலில் பட்டை. மெக்சிகோக்காரர்களின் பண்டிகைப் பலகாரம் பெரும்பாலும் பட்டை வாசத்தில்தான் நிற்கிறது. நாம் பிரியாணிக்குப் போடும் கனத்த பட்டையை அவர்கள் விரும்புவதில்லை. அவர்களுக்கு வேண்டியது இலங்கைப் பட்டை. அதை உலகத்திலேயே அதிகமாக வாங்கும் நாடுகளில் மெக்சிகோ முன்வரிசையில் இருக்கிறது. தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே 30 கிலோமீட்டர் கடல்கூட இல்லை. 1964 புயல் அடிக்கும்வரை போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் கப்பல் ஏறிப்போன வழி அது. மெக்சிகோவுக்குப் பாதி உலகம் சுற்றிப் போகிற சரக்கு, நமக்கு எதிர்க்கரைச் சரக்கு. நாட்டு மருந்துக் கடையில் சுருள் பட்டை என்று கேளுங்கள். தாள் தாளாக ஒன்றுக்குள் ஒன்று சுருண்டிருக்கும், விரலால் நசுக்கினாலே நொறுங்கும். நொறுங்காவிட்டால் வாங்காதீர்கள்.

அண்ணன் மகள் அனுப்பிய பூப் பலகாரத்துக்குப் பெயர் புனுவேலோஸ் தே வியெந்தோ. நீங்கள் பார்த்தது சரிதான். அதே இரும்பு அச்சு, அதே கைப்பழக்கம். நமக்குப் பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், எள். அவர்களுக்கு மைதா, பால், முட்டை, உப்பு. ஒரு கப் மைதாவுக்கு ஒரு கப் பாலும் ஒரு முட்டையும் போதும், தோசை மாவைவிட நீர்க்க இருக்க வேண்டும். அச்சைக் காய்ந்த எண்ணெயில் வைத்து நன்றாகச் சூடேற்றி, எண்ணெயை உதறிவிட்டு மாவில் இறக்குங்கள், விளிம்புக்கு ஒரு நூல் கீழே நிற்கும்படி. சுர்ரென்று சத்தம் வந்தால் மாவு பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் அந்தப் பூ அச்சை விட்டுக் கழலவே கழலாது. எண்ணெயில் இறக்கிக் கொஞ்ச நேரம் பொறுத்து லேசாக உலுக்கினால் தானாக மிதந்து வரும். எடுத்த சூட்டிலேயே பட்டைத்தூள் கலந்த சீனியில் புரட்டிவிட வேண்டும். ஆறிப்போனால் சீனி ஒட்டாது.

அச்சு இல்லாமல், மாவை மெல்லிசாக இழுத்து அப்பளம்போலப் பொரித்து, வெல்லப்பாகு ஊற்றித் தின்கிற புனுவேலோஸும் உண்டு. அங்கே கரும்புச் சாற்றைக் காய்ச்சிக் கூம்பு கூம்பாக வார்த்த வெல்லத்தில் பாகு வைப்பார்கள், கூடவே பட்டையும் போடுவார்கள். நீங்கள் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியில் செய்யுங்கள். டிசம்பரில் கிடைப்பது கோடையில் காய்ச்சி வைத்ததாக இருக்கும், அதனால் நிறமும் மணமும் கூடுதல். கரைத்ததும் துணியில் வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் அடியில் கிடக்கும் மண் பல்லில் படும். கரும்பு வெல்லப் பாகைவிடக் கருப்பட்டிப் பாகுதான் இதற்கு நன்றாக இருக்கிறது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அச்சு முறுக்கு சுட வீட்டில் ஆளில்லாமல் போனது உண்மைதானே. அதனால்தான் இந்தப் பண்டத்தை முதலில் சொன்னேன். பழைய அச்சு அவரிடம்தான் இருக்கும், வருஷக்கணக்காக எண்ணெய் குடித்தது, புது அச்சைவிட நன்றாகக் கழலும். ஒரே நாளில், ஒரே அடுப்பில் வையுங்கள். முதலில் அவருடைய மாவு, அப்புறம் உங்களுடையது. அச்சை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மாவு எந்தப் பதத்தில் கழலும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த வீடியோவுக்கும் தெரியாது.

இனி அந்த வளைய ரொட்டி. ரோஸ்கா தே ரெயெஸ் என்பார்கள். மூன்று ராஜாக்கள் குழந்தை யேசுவைப் பார்க்க வந்த ஜனவரி 6-ஆம் தேதிக்கு உரியது. நம் கோயில்களில் அந்தத் திருநாளைப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடுகிறோம், நீங்களும் அன்றே செய்யலாம். அரைக் கிலோ மைதா, மூன்று முட்டை, 125 கிராம் வெண்ணெய், 100 கிராம் சீனி, 10 கிராம் ஈஸ்ட், அரை டம்ளர் வெதுவெதுப்பான பால், ஒரு ஆரஞ்சுப் பழத்தின் தோலைத் துருவியது. கையில் ஒட்டாமல் இழுபடும்வரை பிசையுங்கள்; கை வலிக்கத்தான் செய்யும், பாதியில் விட்டுவிடாதீர்கள். மாவு இரண்டு மடங்காகப் பொங்கியதும் வளையமாக உருட்டி, மறுபடியும் பொங்கவிட்டுச் சுட வேண்டும். நம் கரையில் மார்கழியிலும் புழுக்கம் இருப்பதால் சீக்கிரமே பொங்கிவிடும். ராத்திரி பிசைந்து வைத்து விடிந்து சுடலாம் என்று நினைத்தால் புளித்துப்போகும்.

மேலே வைக்கும் பழத்துண்டுக்குக் கவலைப்பட வேண்டாம். ஒரு காலத்தில் அங்கே பிஸ்னாகா என்ற உருண்டைக் கள்ளியைச் சீனிப்பாகில் ஊறவைத்து வைப்பார்கள். அந்தக் கள்ளி அருகிப்போய்விட்டதால் அதை வெட்டி விற்பதற்குத் தடை வந்துவிட்டது. இப்போது அவர்களே கொய்யாப்பழ அல்வா மாதிரியான வேறு இனிப்பைக் கீறி வைக்கிறார்கள். நீங்கள் பேக்கரியில் விற்கும் டூட்டி ஃப்ரூட்டியை வையுங்கள். அது பப்பாளிக் காயில் செய்வது, பப்பாளியும் அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வந்த மரம்தான்.

ஓவன் இல்லாததும் ஒரு குறையில்லை. ரொட்டி சின்னதாக இருந்தால் கேஸ்கட்டும் வெயிட்டும் எடுத்த குக்கரில் கல்லுப்பைப் பரப்பிச் சுட்டுவிடலாம். ஆனால் வளையம் பெரிதாக இருந்தால்தான் அழகு. பக்கத்துப் பேக்கரியில் காலை பன் சுட்டு முடித்த நேரம் பார்த்து மாஸ்டரிடம் கேளுங்கள். தட்டைக் கொண்டுபோனால் வைத்துக் கொடுப்பார்கள், நம் பக்கத்துப் பேக்கரிக்காரர்கள் பண்டிகைக் காலத்தில் முகம் சுளிக்கிறவர்கள் இல்லை. விறகு அடுப்பாக இருந்தால் இன்னும் விசேஷம். எரிவது பெரும்பாலும் சீமைக் கருவேலமாக இருக்கும், அதுவும் மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் வடபகுதிவரை வளர்கிற மரம். நம் கண்மாய்களை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று அதன்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. ஆனால் தணல் நன்றாக நிற்கும். வட மெக்சிகோவில் அதன் இனத்து மரக்கரியில்தான் இறைச்சி சுடுகிறார்கள்.

ரோஸ்காவில் எனக்கு மிகவும் பிடித்தது மாவும் இல்லை, பழமும் இல்லை. ரொட்டிக்குள்ளே ஒரு குட்டிக் குழந்தை பொம்மையை ஒளித்து வைப்பார்கள். குழந்தை யேசுவைக் கொல்லத் தேடிய ஏரோது அரசனுக்குத் தெரியாமல் அவரை மறைத்ததன் நினைவு என்பார்கள். யாருடைய துண்டில் பொம்மை வருகிறதோ அவர், பிப்ரவரி 2-ஆம் தேதி, நம் கோயில்களில் மெழுகுதிரி மந்திரிக்கிற அந்தத் திருநாளில், அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தமால் சமைத்துப் போட வேண்டும். ஒரு விருந்துக்குள்ளேயே அடுத்த விருந்துக்கு ஆளைப் பிடித்துவிடுகிறார்கள்! இதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் பொம்மை வேண்டாம், ஒரு பெரிய மொச்சைக் கொட்டை போதும். ஐரோப்பாவில் இந்த வழக்கம் தொடங்கியபோது அவரைக் கொட்டைதான் வைத்தார்கள். வெட்டும்போதே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், அவசரத்தில் கடித்துவிடப் போகிறார்கள்.

தமால் என்பது மக்காச்சோள மாவில் கறி வைத்து இலையில் பொதிந்து அவிப்பது. மாவு வீட்டில்தான் செய்ய வேண்டும், அதற்குத் தேவையானது சுண்ணாம்பு. ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்கு 10 கிராம், அதாவது வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு, வாசனையோ நிறமோ சேர்க்காதது. மூன்று லிட்டர் தண்ணீரில் கரைத்து, சோளத்தைப் போட்டு, தோல் கழலும்வரை முக்கால் மணி நேரம் வேகவிட்டு, ராத்திரி முழுக்க அப்படியே ஊறவையுங்கள். காலையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாக ஆட்டுங்கள். சுண்ணாம்பைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். அது இல்லாமல் மாவு ஒட்டாது, மணமும் வராது. சோளத்திலுள்ள நியாசின் சத்தும் அப்படி வெந்தால்தான் உடம்பில் சேரும். மக்காச்சோளம் மெக்சிகோவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனபோது இந்தச் சுண்ணாம்பு முறை கூடப் போகவில்லை. சோளக் கூழை மட்டுமே குடித்து வாழ்ந்த வட இத்தாலி ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா நோய் வாட்டி எடுத்தது அதனால்தான்.

ஆட்டிய மாவில் வெண்ணெய் சேர்த்து, ஒரு துளி கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்கும்வரை அடியுங்கள். மூழ்கினால் இன்னும் அடிக்க வேண்டும். மெக்சிகோவின் தென்பகுதியில் வாழை இலையில்தான் பொதிகிறார்கள், நமக்கு அது வசதி. தீயில் வாட்டிய இலையில் மாவைத் தட்டி, நடுவில் கோழிக்கறி வைத்து மடித்து, இட்லிக் கொப்பரையில் ஒரு மணி நேரம் அவியுங்கள்.

கறிக்கு நம் குண்டு மிளகாய் இருக்கிறது. ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மெக்சிகோவிலும் உருண்டையாக, தடித்த தோலோடு, ஆட்டினால் விதை கலகலக்கிற ஒரு வத்தல் இருக்கிறது, காஸ்கபெல் என்று பெயர். அதற்குப் பதிலாக நம்முடையதை வைத்தால் காரம் கூடும், அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். தோசைக்கல்லில் நான்கு வத்தலை வாட்டி, தக்காளியையும் தோலுரிக்காத பூண்டையும் அதே கல்லில் கருகச் சுட்டு, உப்பு வைத்து அம்மியில் அரையுங்கள். அங்கேயும் வீடுகளில் கல்லில்தான் அரைத்தார்கள்.

வெளியே சாப்பிடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த ஓட்டல் டாக்கோ ஏன் ருசிக்கவில்லை என்பது இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். பெரும்பாலான டாக்கோவுக்குச் சுண்ணாம்பில் வெந்த சோள அடைதான் அடிப்படை. சைனீஸ், தந்தூரி, இத்தாலியன் எல்லாம் ஒரே அட்டையில் போட்டிருக்கும் இடத்தில் அதை ஆட்டிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது. மெக்சிகோவில் நல்ல டாக்கோ தெருவோரத்தில் கிடைக்கிறது, ஒருவர் ஒரே பண்டத்தைக் காலமெல்லாம் செய்துகொண்டிருக்கும் கடையில். நம் கரையிலும் அப்படிப்பட்ட கையைத் தேடிப் போங்கள். கிறிஸ்துமஸ் ராத்திரி ராமநாதபுரத்தில் கல் சூடு ஆறாமல் பரோட்டா வீசுகிற ஒரு கடைக்குப் போங்கள். கீழக்கரைப் பக்கம் போனால் பிரியாணியை முடித்துவிட்டுத் தொதல் வாங்காமல் திரும்பாதீர்கள். தேங்காய்ப்பாலில் மணிக்கணக்காகக் கிளறி, எண்ணெய் கக்கிய பிறகு இறக்கிய தொதல். அதைச் செய்கிறவர்கள் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஃப்ரீசரில் கிடந்த கேக் துண்டுக்குக் காசு கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

மீன் மட்டும் அன்றைக்கு வேண்டாம். பண்டிகைக்குக் கடலுக்குப் போகாத ஊர் உங்களுடையது, அன்று கல்லில் விழுவது முன்பே பிடித்து வைத்த மீன். வள்ளம் திரும்பிய பிறகு ஒரு நாள் சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாம்பனுக்குப் போய், மசாலா தடவி அடுக்கியிருக்கும் மீனில் முள் குறைவானதாகப் பார்த்து, கண்முன்னே பொரித்து வாங்குங்கள். மெக்சிகோவின் பசிபிக் கரையில் என்செனாடா என்ற துறைமுக ஊரில் பொரித்த மீனைத்தான் டாக்கோவில் வைத்துத் தருகிறார்கள். அந்த ஊருக்கே பேர் வாங்கிக் கொடுத்த பண்டம் அது.

தமாலுக்கு ஆட்டிய மாவில் வெண்ணெய் சேர்ப்பதற்கு முன் கொஞ்சம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை அளவு உருட்டி, இரண்டு பால் கவர்களுக்கு நடுவே வைத்து, அடி தட்டையான பாத்திரத்தால் அழுத்துங்கள். எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டினால் அடை தயார். அதில் பொரித்த மீன், பொடியாக அரிந்த முட்டைக்கோஸ், வெங்காயம், குண்டு மிளகாய்த் துவையல், மேலே எலுமிச்சை. மீனைப் பாம்பனிலிருந்து பார்சல் கட்டி வரும்போது பொட்டலத்தின் வாயைத் திறந்தே வையுங்கள், மூடினால் புழுங்கி மொறுமொறுப்பு போய்விடும்.

அன்புடன்,
அக்கா