கிளட்ச் ஆயில் குறைந்தால் ஊற்றிவிட்டால் போதுமா?

கேள்வி: என் சிறிய காரில் கொஞ்ச நாளாக கிளட்ச் பெடல் தொளதொளவென்று இறங்குகிறது. ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம். கிளட்ச் ஆயிலைப் பார்க்கலாம் என்று பானெட்டைத் திறந்தால் அதற்கென்று தனி டப்பாவையே காணோம். எங்கே பார்ப்பது, எதை ஊற்றுவது?

பதில்: உங்கள் வண்டியில் இருப்பது கம்பி இழுத்து வேலை செய்யும் கேபிள் கிளட்ச் என்றால் ஆயிலே கிடையாது. ஆயில் அழுத்தத்தால் வேலை செய்யும் ஹைட்ராலிக் என்றால், பல சிறிய கார்களில் பிரேக் ஆயில் டப்பாதான் கிளட்சுக்கும். டப்பாவின் பக்கவாட்டைப் பாருங்கள். சற்று உயரத்தில் ஒரு மெல்லிய ரப்பர் குழாய் கிளம்பும். அது கிளட்ச் மாஸ்டர் சிலிண்டருக்கு, அதாவது பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தித் தள்ளும் உருளைக்குப் போகிறது. உயரத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. கிளட்ச் பக்கம் ஒழுகினாலும் குழாயின் வாய்க்குக் கீழே உள்ள ஆயில் பிரேக்குக்கு மிஞ்சும். அதனால்தான் ஆயில் குறையும்போது முதலில் கிளட்ச் படுத்துக்கொள்கிறது.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, வெளியிலிருந்தே மேக்ஸ் (MAX, மேல் அளவு), மின் (MIN, கீழ் அளவு) கோடுகளைப் பாருங்கள். ஊற்ற வேண்டுமென்றால் மூடியைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டுத் திறக்க வேண்டும். ஒரு துளி மண் போதும், உள்ளே ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் சீலைக் கீறிவிடும். மூடியில் எழுதியிருக்கும் வகையையே ஊற்றுங்கள், பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 சிலிக்கான் வகை, இவற்றோடு சேராது. என்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம், ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். எப்போதோ திறந்து வைத்த பாட்டிலும் வேண்டாம். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

ஆனால் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. கிளட்ச் ஆயில் செலவாகிற பொருள் இல்லை. பிரேக் பேட் தேயத் தேய டப்பாவில் மட்டம் மெதுவாக இறங்கும், அது இயல்பு. கிளட்ச் தட்டு தேய்ந்தால் நேர்மாறாக ஆயில் டப்பாவுக்குத்தான் திரும்பும். ஆகவே பேட் தேயாமலே மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், தேடுங்கள்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு பெடலுக்கு மேலே பாருங்கள். பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டருக்குள் போகும் கம்பியை விரலால் தொட்டால் பிசுபிசுப்பு இருக்கிறதா? அப்புறம் கியர்பாக்ஸ் பக்கம், அந்த அழுத்தத்தை வாங்கி கிளட்சைப் பிரிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சீல் போய்விட்டது. சில வண்டிகளில் ஸ்லேவ் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அங்கே ஒழுகினால் என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சொட்டும், கியர்பாக்ஸை இறக்காமல் சரிசெய்ய முடியாது.

எங்கும் ஈரமே இல்லையா? பெடலை நான்கைந்து முறை வேகமாக மிதித்துவிட்டு ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். கியர் சத்தமில்லாமல் விழுந்தால், ஆயில் லைனில் காற்று புகுந்திருக்கலாம் அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே அழுத்தத்தை விடலாம். முதலில் காற்றை எடுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் பெடல் சில நாளில் தளர்ந்தால் சிலிண்டரை மாற்ற வேண்டியதுதான்.

ஒழுகல் கண்ணில் பட்டால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பிரேக் ஆயிலும் அதே டப்பாவில்தான் இருக்கிறது.