ராப் பாட்டில் ஆபாசம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பத்தாவது படிக்கும் என் மகன் எந்நேரமும் அமெரிக்க ராப்தான் கேட்கிறான். வரிகளைத் தேடிப் படித்ததில் தூக்கமே போய்விட்டது சார். போனைப் பிடுங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, நண்பன் போனில் கேட்பான். ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகளில் ஆபாச முத்திரை உள்ள பாட்டுகளைத் தடுக்க வசதி இருக்கிறது, போட்டுவையுங்கள். ஆனால் அது போதாது. கெட்ட வார்த்தையை வெட்டிய பதிப்பிலும் பெண்ணை இழிவாகப் பார்க்கும் பார்வை அப்படியேதான் இருக்கும். என்னை உறுத்துவது அதுதான். அதைப் பற்றி அவனிடம் பேசுங்கள்.

கேள்வி: அந்த முத்திரை ராப்புக்காகவே வந்ததா?

பதில்: இல்லை. பாப் பாடகர் பிரின்ஸ் பாடிய ஒரு பாட்டைக் கேட்டு, செனட்டர் அல் கோரின் மனைவி டிப்பர் கோர் அதிர்ந்துபோனதில் தொடங்கியது. 1985இல் அமெரிக்க செனட் விசாரணை வரை போனது.

கேள்வி: சட்டம் படிக்கிறேன். நீதிமன்றம் எதையும் தடுத்ததில்லையா அண்ணா?

பதில்: தடுத்தது தம்பி. 1990 ஜூனில் புளோரிடா நீதிபதி ஒருவர் டூ லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் ஆல்பத்தை ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். இரண்டே நாளில், அதை விற்ற கடைக்காரர் கைதானார். மேடையில் பாடிய குழுவினரும் கைதானார்கள். அறிஞர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் குழுவினருக்காகச் சாட்சி சொன்னார், ஜூரி அவர்களை விடுவித்தது. 1992இல் மேல்முறையீட்டில், ஆல்பம் ஆபாசம் என்ற அந்தத் தீர்ப்பே ரத்தானது. ஒரு பாட்டு எனக்கு அருவருப்பாக இருக்கிறது என்பதற்காக விற்பவரைச் சிறைக்கு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: இப்படிப்பட்ட ராப்பை எதிர்த்தவர்கள் வெள்ளைக்காரப் பழமைவாதிகள்தானே?

பதில்: இந்த எண்ணம்தான் பெரிய அநியாயம். மார்ட்டின் லூதர் கிங்கோடு ஊர்வலம் போன கறுப்பினப் பெண் டெலோரஸ் டக்கர், 1995இல் டைம் வார்னர் என்ற ஊடக நிறுவனத்தின் பங்குதாரர் கூட்டத்திலேயே எழுந்து நின்று கேள்வி கேட்டார். அந்த ஆண்டே அந்த நிறுவனம், ராப் ஆல்பங்களை வெளியிட்ட இன்டர்ஸ்கோப் கம்பெனியில் இருந்த தன் பங்கை விற்றது.

2004இல் அட்லாண்டாவின் ஸ்பெல்மன் கல்லூரிக் கறுப்பின மாணவிகள் இன்னும் கடினமான இடத்தில் நின்றார்கள். ராப் பாடகர் நெல்லியின் ஒரு வீடியோவில் பெண்ணின் பின்புறத்தில் கிரெடிட் கார்டைத் தேய்ப்பார்கள். ரத்தப் புற்றுநோயால் அவதிப்பட்ட நெல்லியின் சகோதரிக்காக அந்தக் கல்லூரியில் எலும்பு மஜ்ஜைக் கொடையாளர் முகாம் நடப்பதாக இருந்தது. "முகாம் நடக்கட்டும், வீடியோ பற்றியும் எங்களிடம் பேசுங்கள்" என்பதே அவர்கள் கோரிக்கை. முகாம் ரத்தானது, பழி மாணவிகள் மேல் விழுந்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேள்வி: மகளுக்கு ராப் பிடிக்கும். எதைக் கேட்கச் சொல்லலாம்?

பதில்: குயின் லத்தீஃபாவின் 1993 பாட்டு, ‘யூனிட்டி’. கிராமி விருதும் பெற்றது. அதிலும் பெண்ணை இழிவுபடுத்தும் ‘பிட்ச்’ என்ற வசைச்சொல் வரும். தன்னை அப்படிக் கூப்பிட்டவனை அவர் நிறுத்திக் கேள்வி கேட்கும் இடத்தில்.