ஏழு குறைகளில் ஒன்றைச் சொல்லுங்கள்

கேள்வி: யுகுலேலே என்னும் நான்கு தந்திச் சிறு கருவியைக் கற்றுக்கொள்ளும் இருபது பேர் சேர்ந்து, வாசித்ததைப் பதிவு செய்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறோம். எங்களில் தொழில்முறைக் கலைஞர் யாரும் இல்லை. நான் பத்து ஆண்டுகளாக வாசிப்பவன் என்பதால் என்னிடம் கருத்துக் கேட்பதுண்டு. கற்கத் தொடங்கி எட்டு மாதமே ஆன ஒரு பெண்மணி, தாமே பாடி வாசித்த ஒரு பாடலை அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார். நான் இரண்டு மூன்று முறை கேட்டு, ஏழு குறைகளை எழுதி அனுப்பினேன்: ஸ்ருதி சேரவில்லை, எஃப் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மழுங்கி ஒலிக்கிறது, சி கார்டிலிருந்து ஜி 7-க்கு மாறும்போது தாமதமாகிறது, தாளம் தளர்கிறது, ஸ்ட்ரம்மிங் (தந்திகளைச் சேர்த்து வருடி வாசிப்பது) முரடாக இருக்கிறது, குரல் அமுங்கிவிடுகிறது, கடைசி வரி ஓடுகிறது. "நன்றி" என்ற ஒரே சொல் பதிலாக வந்தது. இரண்டு மாதமாகிறது, அவர் வேறு எதையும் அனுப்பவில்லை. மற்றவர்கள் எல்லோருடைய பதிவுக்கும் "அருமை" என்றே எழுதுகிறார்கள். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொல்வது தவறா? எப்படித்தான் சொல்வது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் காது நல்ல காது என்பது கடிதத்திலேயே தெரிகிறது. முகம் தெரியாத ஒருவருக்காக ஒரே பதிவை மூன்று முறை கேட்கும் பொறுமையும் உங்களுக்கு இருக்கிறது. ஆகவே உண்மையைச் சொன்னது தவறு என்று நான் எழுதப்போவதில்லை. நீங்கள் காதில் விழுந்ததையெல்லாம் சொன்னீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று தேடும் வேலையை அந்தப் பெண்மணியிடம் விட்டுவிட்டீர்கள். எட்டு மாதம் மட்டுமே வாசித்தவரால் செய்ய முடியாத வேலை அது ஒன்றுதான்.

உங்கள் ஏழு குறைகளையும் ஒருமுறை சேர்ந்து பார்ப்போம். ஸ்ருதி சேரவில்லை என்கிறீர்கள். தந்திகளே ஸ்ருதியில் இல்லையா, அல்லது விரல் வைத்தபின் ஸ்ருதி விலகுகிறதா? இரண்டும் கேட்பவருக்கு ஒன்றுபோலத் தோன்றும். வாசிப்பவருக்கு வெவ்வேறு சிக்கல்கள். கண்டுபிடிப்பது எளிது. கழுத்தில் குறுக்குக் கம்பிகளால் பிரிந்த இடங்களை ஃபிரெட் என்கிறோம். சி கார்டில் ஏ தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டில் மட்டுமே விரல் இருக்கும். மற்ற ஜி, சி, ஈ மூன்றும் விரல் படாத திறந்த தந்திகள். அந்தக் கார்டு நன்றாக ஒலித்து, எஃப் மட்டும் புளித்துப்போய்க் கேட்டால், அவர் ஸ்ருதி காட்டும் டியூனரைச் சரியாகவே பார்த்திருக்கிறார் என்று பொருள். நைலான் தந்தி மென்மையானது. தேவைக்கு மேல் அழுத்தினாலோ சற்றே பக்கவாட்டில் இழுத்தாலோ சுரம் மேலே ஏறிவிடும். புதிதாகக் கற்பவர்கள் அநேகமாக எல்லோரும் இறுக்கிப் பிடிப்பார்கள், விரல் நழுவிவிடுமோ என்ற அச்சத்தில்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. கழுத்தின் மேல்முனையில் தந்திகள் அமர்ந்திருக்கும் நட் என்னும் சிறு கட்டையின் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருந்தால், எவ்வளவு மென்மையாக விரல் வைத்தாலும் முதல் ஃபிரெட்டில் சுரம் கூடித்தான் ஒலிக்கும். எஃப் கார்டில் சுட்டுவிரல் அமர்வது ஈ தந்தியின் முதல் ஃபிரெட்டில்தான். அப்படியானால் குறை கருவியில் இருக்கிறது. பழுது பார்ப்பவர் அரைமணி நேரத்தில் சரிசெய்யக்கூடியது. இது தெரியாமல், தம் கை ராசி சரியில்லை என்று யுகுலேலேயை அலமாரியின் மேல் ஏற்றிவைத்துவிட்டவர்களை நான் அறிவேன். புதுத் தந்தி மாற்றியிருந்தால் முதல் சில நாட்கள் அது நெகிழ்ந்துகொண்டேதான் இருக்கும் என்பதையும் அவரிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

எஃப் மழுங்குவதும் அதே இறுக்கத்தின் இன்னொரு முகமாக இருக்கலாம். உள்ளங்கை கழுத்தோடு ஒட்டிக்கொண்டால் விரல்கள் நிமிர்ந்து நிற்க இடமிருக்காது. நடுவிரல் சாய்ந்து பக்கத்திலுள்ள சி தந்தியையும், சுட்டுவிரல் சாய்ந்து ஏ தந்தியையும் தொட்டு, ஒலியை அணைத்துவிடும். கார்டைப் பிடித்தபடி நான்கு தந்திகளையும் ஒவ்வொன்றாக மீட்டச் சொன்னால், எந்தத் தந்தி ஊமையாகிறது என்பதை அவரே கேட்டுக்கொள்வார். இடக்கை இறுகினால் வலக்கை மணிக்கட்டும் சேர்ந்தே இறுகும் என்பதால், ஸ்ட்ரம்மிங் முரடாகக் கேட்டதையும் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடலாம்.

அடுத்தது தாமதம், தாளம், கடைசி வரி. இவை மூன்று குறைகள் என்று நான் நம்பவில்லை. ஜி 7 வரும்போது அவருடைய மோதிரவிரலும் தந்தியை விட்டு எழ, மூன்று விரல்களும் காற்றில் நிற்கின்றன. அவை இறங்கி அமரும்வரை வலக்கை காத்திருக்கிறது. காத்திருந்த இடைவெளியில் தாளம் தொய்கிறது. கடைசி வரியில் அந்த மாற்றம் இல்லையென்றால், அல்லது அது கடந்துபோய்விட்டதென்றால், தப்பித்தோம் என்ற நிம்மதியில் கை ஓடுகிறது. பதிவை மறுபடி கேட்டு, தாளம் தளரும் இடங்கள் எல்லாம் ஜி 7-க்கு முந்தைய அடிகள்தானா என்று குறித்துப் பாருங்கள். ஆம் என்றால், நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சி கார்டில் மோதிரவிரல் ஏ தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டில் இருக்கிறது. ஜி 7-இலும் மோதிரவிரல் அதே ஏ தந்தியில்தான் அமர்கிறது, இரண்டாவது ஃபிரெட்டில். ஆகவே அந்த விரலைத் தூக்கவே வேண்டியதில்லை. அழுத்தத்தை மட்டும் தளர்த்தி, தந்தியைத் தொட்டபடியே ஒரு ஃபிரெட் பின்னால் சறுக்கினால் போதும். அது வழிகாட்டும் விரலாகிவிடும். சுட்டுவிரலும் நடுவிரலும் அதைப் பார்த்துத் தம் இடத்தில் வந்து அமரும். முதன்முதலாக இதைச் செய்து பார்ப்பவரின் முகத்தில் தோன்றும் வியப்பைப் பலமுறை கண்டிருக்கிறேன். பத்து ஆண்டுகள் வாசித்த உங்களுக்கு அது பழகிப்போய், சொல்ல வேண்டிய செய்தி என்றே தோன்றாமல் போயிருக்கும்.

இதனுடன் ஒரு வாக்கியம் சேர்க்கலாம்: இடக்கை வந்து சேராவிட்டாலும் வலக்கை நிற்கக் கூடாது. திறந்த தந்திகள் நான்கும் சேர்ந்தாலே யுகுலேலேயில் சி 6 என்னும் இனிய கார்டு கிடைத்துவிடுகிறது. ஆகவே மாற்றத்தின் நடுவே ஓர் அடி திறந்த தந்திகளில் விழுந்தால் கேட்பவருக்கு அது பிழையாகத் தோன்றாது, தாளம் நின்றால்தான் தோன்றும். நிமிடத்துக்கு 60 தட்டு என்று, தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோமை வைத்து, சி நான்கு அடி, ஜி 7 நான்கு அடி என ஐந்து நிமிடம் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பாட்டே வேண்டாம்.

எஞ்சியிருப்பது குரல். அது அவர் பாடும் விதத்தால் அமுங்கியதா, கைப்பேசி இருந்த இடத்தால் அமுங்கியதா? மடியில் கிடக்கும் கைப்பேசிக்குக் கருவியின் ஒலித்துளை அருகிலும் வாய் தொலைவிலும் இருக்கும். போதாக்குறைக்கு ஓசை கூடினால் கைப்பேசி தானாகவே மொத்த ஒலியையும் தாழ்த்திவிடும். அதை முக உயரத்தில், ஒரு கை தூரத்துக்குச் சற்று அப்பால் நிறுத்தச் சொல்லிவிட்டு, பிறகு அவருடைய குரலைப் பற்றிப் பேசலாம். குரலைக் குறை சொல்வது மனிதரையே குறை சொல்வதாக உள்ளே போய் இறங்கும். ஆகவே அதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பார்த்தீர்களா, ஏழு என்று எண்ணியவை இறுக்கம், ஒரு விரலின் வழி, கைப்பேசியின் இடம் என மூன்றாகச் சுருங்கிவிட்டன. இம்மூன்றிலும் முதல் கடிதத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நான் அந்த மோதிரவிரலைத்தான் தேர்ந்தெடுப்பேன். இறுக்கம் மாதக்கணக்கில் கரைய வேண்டியது. விரலின் வழி அன்றைக்கே கைகூடும். தன்னால் முடிகிறது என்று ஒருவர் கண்ட பிறகு சொல்லப்படும் இரண்டாவது குறை, முதல் குறை அளவுக்கு வலிப்பதில்லை.

மற்றவர்கள் சொல்லும் "அருமை" பற்றி உங்கள் கடிதத்தில் சிறிது கசப்பு தெரிகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை; ஒருவர் துணிந்து வாசித்து அனுப்பியதில் அவர்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு மறுநாள் என்ன செய்வது என்று வாசித்தவருக்குத் தெரியாது. பாராட்டும் குறையைப் போலவே இடம் சுட்ட வேண்டும். இரண்டாவது சரணம் தொடங்கும் இடத்தில் அவர் ஸ்ட்ரம்மிங்கை நிறுத்திக் கட்டைவிரலால் ஒற்றைத் தந்தியாக மீட்டினார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடம் நன்றாக இருந்தது, சொற்கள் தெளிவாகக் கேட்டன என்று எழுதினால், தற்செயலாகச் செய்ததை அவர் இனி அறிந்தே செய்வார். தொடக்கநிலையில் இருப்பவருக்குத் தாம் தவறு செய்யும் இடங்கள் ஓரளவு தெரியும். நன்றாகச் செய்யும் இடங்கள் தெரியவே தெரியாது. கசப்பு மருந்துக்கு மேலே தடவிய தேனாகப் பாராட்டை எழுதினால் அவர் அதை ஒரே நொடியில் கண்டுகொள்வார். அது தனியாகவே நிற்கத் தகுந்ததாக இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். சில கருத்துகள் குறையே அல்ல, சுவை. கிட்டாரிலிருந்து வருபவர்கள் யுகுலேலேயைக் கேட்டு, அடிநாதம் இல்லை, மெலிந்து ஒலிக்கிறது என்று எழுதுவதைப் பார்க்கிறேன். நான்காவது தந்தியான ஜி, தாழ்ந்த சுரமாக இல்லாமல் சி, ஈ இரண்டையும்விட உயர்ந்து ஒலிப்பதுதான் இக்கருவியின் வழக்கமான ஸ்ருதி அமைப்பு. 1879-இல் மடெய்ரா தீவிலிருந்து ஹவாய்க்குக் குடியேறிய போர்த்துக்கீசியர்கள் கொண்டுசென்ற சிறு தந்திக் கருவிகளிலிருந்து ஹவாயில் உருவான இந்தக் கருவியின் குரலே அதுதான். தாழ்ந்த ஜி தந்தி போட்டுக்கொள்பவர்களும் உண்டு, அது அவரவர் விருப்பம். சுட்டுவிரலால் ஸ்ட்ரம் செய்வதா, கட்டைவிரலாலா, எந்த ஸ்ருதியில் பாடுவது என்பனவும் அப்படியே. நீங்கள் வேறு விதமாக வாசிப்பீர்கள் என்பதற்காக மட்டும் எதையும் திருத்த வேண்டாம்.

அதைவிட முதன்மையானது, அவர் எதற்காக வாசிக்கிறார் என்பது. ஒருவர் மேடையேற நினைக்கலாம். ஒருவர் தம் குழந்தையைத் தூங்கவைக்க மட்டுமே வாசிக்கலாம். "எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்குள் இத்தனை கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எந்தப் பகுதியைப் பற்றிச் சொன்னால் உதவியாக இருக்கும் என்று ஒரு வரி திருப்பிக் கேட்டிருந்தால், உங்கள் ஏழில் ஐந்து தாமாகவே உதிர்ந்திருக்கும். கேட்காதவருக்குக் குறை சொல்லவே வேண்டாம்.

என் முதல் பதிவைக் கேட்ட மூத்த வாசிப்பாளர் ஒருவர் எனக்கும் இப்படி ஒரு பட்டியல் தந்தார். ஒவ்வொரு வரியும் சரியானது. நான்கு மாதம் நான் அந்தக் கருவியைத் தொடவில்லை. மறுபடி எடுத்தபோது இன்னொருவர், தாம் அதே கார்டு மாற்றத்தைத் தப்பும் தவறுமாக வாசித்து, பிறகு மெதுவாகச் சரியாக வாசித்த ஒரு நிமிடப் பதிவை எனக்கு அனுப்பினார். அவரும் தடுக்கி விழுந்த இடம் அது என்று கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. எழுத்தில் குரலின் கனிவு தெரியாது. ஆகவே நீங்களும் எழுதுவதைக் குறைத்து, வாசித்துக் காட்டுங்கள். அதையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைக்காமல் அவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

அந்தப் பெண்மணிக்கு இப்போது என்ன எழுதுவது? நீண்ட மன்னிப்புக் கடிதம் வேண்டாம். அது அவரை உங்களுக்கு ஆறுதல் சொல்லும் நிலைக்குத் தள்ளிவிடும். ஏறக்குறைய இப்படி எழுதலாம்: "அன்று ஒரே மூச்சில் பலவற்றைச் சொல்லிவிட்டேன், அவற்றில் பாதி உங்கள் வாசிப்பைப் பற்றியதே அல்ல என்று மறுபடி கேட்டபோது புரிந்தது. இரண்டாவது சரணத்தில் நீங்கள் கட்டைவிரலால் மீட்டிய இடத்துக்காகவே அந்தப் பதிவை மீண்டும் கேட்டேன். சி-யிலிருந்து ஜி 7-க்குப் போக எனக்கு உதவிய ஒரு சிறு வழியை வாசித்து இணைத்திருக்கிறேன், பயன்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். பதில் எழுத வேண்டும் என்பதில்லை." இதில் இரண்டாவது வரியை, பதிவை உண்மையிலேயே மீண்டும் கேட்டு, உங்களுக்குப் பிடித்த இடம் எதுவோ அதை வைத்து எழுதுங்கள். பதில் வரவில்லையென்றால் மறுபடி கேட்டு எழுத வேண்டாம். அவர் அடுத்த பதிவை அனுப்பும் நாளில், முதலில் அந்த ஜி 7 வரும் இடத்தைக் கேளுங்கள். அது முன்பைவிட ஓர் இழை விரைவாக வந்திருந்தாலும், எந்த நொடியில் என்று குறிப்பிட்டு அதை மட்டும் எழுதுங்கள்.