கேம் மாஸ்டரின் கொப்பி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். ஏ.எல். முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கிறேன். யூரியூப்பில் பார்த்து டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் மேல் ஆசை வந்தது. மேசையைச் சுற்றி இருந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை போட்டு நடத்தும் கதை விளையாட்டு அது. மச்சாள் ஒருத்தியையும் மூன்று நண்பர்களையும் சேர்த்துத் தொடங்கினேன். நான்தான் கேம் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவன். ராச்சியத்தின் வரலாறு, அரச வம்சம், ஊர்த் தலைவரின் நீண்ட பேச்சு என்று நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவர்கள் ஊர்த் தலைவரைப் பார்க்கவே போகவில்லை. துறையில் நின்ற வள்ளத்தை வாடகைக்கு எடுத்துக்கொண்டு எதிரே இருந்த தீவுக்குப் போய்விட்டார்கள். அந்தத் தீவைப் பற்றி என்னிடம் ஒரு வரிகூட இல்லை. அரைமணி நேரத்தில் விளையாட்டு நின்றுவிட்டது.

எவ்வளவு தயாரிக்க வேண்டும்? குறிப்பெழுத ஒப்சிடியன், வேர்ல்ட் அன்வில் போன்ற மென்பொருட்கள் தேவையா? இருபது முகப் பகடை இங்கே கடைகளில் கிடைக்கவில்லை, என்ன செய்யலாம்? இங்கிலீஷில் எழுதி வைத்துத் தமிழில் நடத்தும்போது நாக்குத் தடக்குகிறது, அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

– க., கொக்குவில்

அன்புள்ள தம்பி,

வள்ளம் எடுத்த உங்கள் ஆட்களை எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. 1974 இல் கைகாக்ஸும் ஆர்னசனும் இந்த விளையாட்டை வெளியிட்ட காலத்திலிருந்து அதன் உயிரே அதுதான்: கண்ணில் படும் எந்தப் பக்கமும் போகலாம். ஆகவே அவர்களைத் திருப்பிப் பிடித்து ஊர்த் தலைவர் முன்னால் நிறுத்தும் வழியை நான் சொல்லப்போவதில்லை.

காத்தவராயன் கூத்தை அண்ணாவியார் பழக்கும்போது கடைசியில் கழுமரம் இருக்கிறதென்று ஆடுபவருக்கும் தெரியும், பாயில் இருந்து பார்ப்பவருக்கும் தெரியும். உங்கள் மேசையில் கடைசிக் காட்சி உங்களுக்கே தெரியாது. உங்கள் நாற்பது பக்கத்தில் முன்பு நடந்தவை இருந்தன, இனி நடக்க வேண்டுமென்று நீங்கள் விரும்பியவையும் இருந்தன. இப்போது நடந்துகொண்டிருப்பது மட்டும் இல்லை. தயாரிக்க வேண்டியது அதைத்தான். யாருக்கு என்ன வேண்டும், அதற்காக அவர் இன்றைக்கு என்ன செய்துகொண்டிருக்கிறார், யாரும் குறுக்கே வராவிட்டால் நாளைக்கு என்ன ஆகும்.

ஓர் உதாரணம் செய்து பார்ப்போம். நிலாவரைக் கிணற்றில் போட்ட எலுமிச்சம்பழம் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்று ஆச்சிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணக்கல். மழைநீர் அதை மெல்ல மெல்லக் கரைத்து வெடிப்பும் குகையுமாக ஆக்கியிருக்கிறது. நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர். நிலக்கீழ் உலகம் ஒன்றை உருவாக்க வேறெங்கும் போய்த் தேட வேண்டாம்.

அப்படி ஒரு கிணறு உள்ள ஊரைக் கற்பனை செய்யுங்கள். சில நாட்களாகத் தண்ணீர் உவர்க்கத் தொடங்கியிருக்கிறது. வண்டியில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து விற்கும் ஒருவர் இருக்கிறார். கிணறு திருந்தினால் அவருடைய பிழைப்புப் போய்விடும். கிணற்றடி வைரவருக்கு விளக்கு வைக்கும் ஓர் ஆச்சி இருக்கிறார். அடியில் ஏதோ பெரிய உயிர் வந்து கிடக்கிறதென்று அவருக்குத் தெரியும். சொன்னால் ஊரார் அதைக் கொன்றுவிடுவார்கள் என்று பயம். அந்த உயிர் கடலிலிருந்து வழிதவறி வந்தது. அது உடைத்துக்கொண்டு வந்த வெடிப்பால்தான் உப்புநீர் ஏறுகிறது. திரும்பிப் போக விடாமல் பாறை ஒன்று சரிந்து கிடக்கிறது.

இனி நாட்களை எழுதுங்கள். முதல் நாள் தோட்டத்தில் வெங்காயம் கருகும். இரண்டாம் நாள் தண்ணீர் விலை இரட்டிக்கும். மூன்றாம் நாள் கிணற்றைத் தூர்க்க வண்டியில் கல் வரும். நான்காம் நாள் ஆச்சி தனியாகக் கிணற்றுக்குள் இறங்குவார்.

தயாரிப்பு இவ்வளவுதான், ஒரு பக்கம்கூட வராது. இப்போது உங்கள் ஆட்கள் வள்ளம் எடுத்துத் தீவுக்குப் போகட்டும். அங்கேயும் ஒரு கிணறு இருக்கும். தண்ணீர்க்காரர் பீப்பாய்களை நிரப்புவதே அங்கேதான் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்யலாம். அவர்கள் திரும்பி வரும்போது ஊரில் மூன்றாம் நாள் நடந்துகொண்டிருக்கும்.

இந்த விளையாட்டுகளைப் பற்றி எழுதும் ஜஸ்டின் அலெக்சாண்டர் எழுதிப் பரவிய விதி ஒன்று உண்டு: விளையாடுபவர்கள் கண்டுபிடித்தே ஆக வேண்டிய விஷயம் எதுவானாலும் அதற்கு மூன்று துப்பாவது வையுங்கள். ஒன்றைக் கவனிக்காமல் விடுவார்கள், இன்னொன்றைப் பிழையாக விளங்கிக்கொள்வார்கள். கிணற்றுக்கும் கடலுக்கும் தொடர்பு உண்டு என்பது நம்முடைய விஷயம். தொலைவில் கேணியில் குளிக்கும் பிள்ளைகள் கையில் இந்த ஊர் வைரவருக்கு வைத்த குங்குமம் பூசிய எலுமிச்சம்பழம். கடல் ஏறும் நேரத்தில் கிணற்றிலும் நீர் ஏறுகிறது. அள்ளிய வாளியில் உயிரோடு ஓர் இறால். இவற்றை எந்த இடத்தோடும் கட்டிவைக்காதீர்கள். ஆச்சியிடம் அவர்கள் போகாவிட்டால் இறாலை வள்ளக்காரர் பார்த்திருக்கலாம்.

சண்டைக்கு மட்டும் முன்கூட்டியே கணக்குப் பாருங்கள், மேசையில் வைத்துச் சமாளிக்க ஏலாது. எதிரி ஒவ்வொன்றுக்கும் அதன் பலத்துக்கேற்ற புள்ளி உண்டு. 2014 விதிகளின்படி கொப்ளின் என்ற சிறிய அரக்கன் ஒன்றுக்கு 50 புள்ளி. நான்கு வந்தால் 200, எதிரிகளின் எண்ணிக்கைக்காக இரண்டால் பெருக்க 400. முதல் லெவலில் உள்ள நான்கு பேருக்கு உயிராபத்தான சண்டை தொடங்குவதும் 400 இல்தான். இரண்டு கொப்ளின் என்றால் 100, அதை ஒன்றரையால் பெருக்க 150, முதல் சண்டைக்கு அது நல்ல அளவு. கொப்ளினின் கவசம் 15, உயிர் 7. அந்த எண்களை அப்படியே வைத்துக்கொண்டு கிணற்றுக் குகையில் வாழும் நண்டு மனிதர் என்று பெயரையும் தோற்றத்தையும் மாற்றினால் போதும், புதிதாக ஒன்றும் கணக்கிட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் கனக்கக் கதைகள் தொடங்குவது ஒரே மாதிரி: ஊரில் ஒருவரைக் காணவில்லை, தேடிப் போங்கள். வேறு நாட்டில் அது வெறும் தொடக்கம். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி 2017 இல் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் படங்களோடு உட்கார்ந்த மண் இது. உங்கள் மேசையில் இருக்கும் ஒருவரின் மாமா அந்தப் படங்களில் ஒன்றில் இருக்கலாம், அவர் அதை உங்களிடம் ஒருபோதும் கதைத்திருக்க மாட்டார். எரியும் ஊர், இடம்பெயரும் சனம், சோதனைச் சாவடி எல்லாமே இப்படித்தான். விளையாட்டுப் புத்தகங்கள் இவற்றை அலங்காரம்போலத் தூவி வைத்திருக்கும்.

இவற்றைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சிலருக்கு இவற்றை ஒரு கதைக்குள் வைத்து, தாங்கள் தீர்மானிக்கும் ஒரு முடிவோடு பார்க்க வேண்டுமென்ற விருப்பம் இருக்கும். ஆனால் கேட்காமல் கொண்டுவரக் கூடாது. கேட்பதும் எல்லார் முன்னாலும் கூடாது. முதல் விளையாட்டுக்கு முன் ஒவ்வொருவருக்கும் தனியாக வட்ஸ்அப்பில் எழுதுங்கள்: என்னென்ன கதையில் வரவே வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அப்புறம் எக்ஸ் அடையாளம் போட்ட ஓர் அட்டையை மேசை நடுவில் வையுங்கள். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி அப்படியே விடப்படும், கேள்வி கிடையாது. விளையாடுபவர்கள் இதை எக்ஸ் அட்டை என்பார்கள். உங்கள் தயாரிப்பில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

சரி, கருவிகள். ஒப்சிடியன் நல்லது. இலவசம், எழுதியது உங்கள் கணினியிலேயே இருக்கும், இணையம் இல்லாமலும் திறக்கும். வேர்ல்ட் அன்வில் இணையத்தில் இயங்குவது. பெரிய உலகங்களைக் கட்டுபவர்களுக்கு உதவும். பக்கம் பக்கமாக வரலாறு எழுதும் உங்கள் பழக்கத்தை அது இன்னும் வளர்த்துவிடும் என்பதால் இப்போதைக்கு வேண்டாம். ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். இடப்பக்கத்தில் தயாரித்தது, வலப்பக்கத்தில் உண்மையில் நடந்தது. வலப்பக்கத்தை அன்றிரவே எழுதிவிடுங்கள், அடுத்த முறைக்கான தயாரிப்பில் பாதி அதிலேயே வந்துவிடும். பாத்திரத்துக்கு ஒரு சிறிய அட்டை: பெயர், வேண்டுவது, பேசும் விதம். அவசரத்துக்கு எடுக்கப் பத்துப் பெயர் தனியாக எழுதி வையுங்கள். மூன்று மணி நேர விளையாட்டுக்கு ஒரு மணி நேரத் தயாரிப்புப் போதும்.

இன்னும் ஒரு முறை, இதற்குக் காசும் இல்லை கருவியும் இல்லை. விளையாட்டு முடிந்து எல்லாரும் எழும்பும்போது கேளுங்கள்: அடுத்த முறை எங்கே போகப் போகிறீர்கள்? பதில் சொன்ன இடத்தை மட்டும் தயாரியுங்கள். தீவில் என்ன கிடக்கும் என்று நினைத்து வள்ளம் ஏறினாய் என்று மச்சாளையும் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வது உங்கள் நாற்பது பக்கத்தில் இருப்பதைவிட நன்றாக இருக்கக் கூடும், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

பகடைக்குப் போனில் செயலிகள் இருக்கின்றன. கையால் போட்டு எல்லாரும் எட்டிப் பார்ப்பதுதான் எனக்கு விருப்பம். லூடோப் பெட்டியில் உள்ள சாதாரணப் பகடையையும், சீட்டுக்கட்டில் ஒரே சின்னத்தில் ஆஸ் முதல் பத்து வரையான பத்துச் சீட்டையும் எடுங்கள். ஒரு சீட்டை இழுத்துப் பகடையையும் போடுங்கள். பகடையில் 1, 2, 3 என்றால் சீட்டின் எண் அப்படியே. 4, 5, 6 என்றால் பத்தைக் கூட்டுங்கள். ஒன்று முதல் இருபது வரை எல்லா எண்ணுக்கும் சரிசமமான வாய்ப்பு. இழுத்த சீட்டை ஒவ்வொரு முறையும் திரும்ப வைத்துக் கலைக்க வேண்டும். எட்டு முகப் பகடைக்கு 9, 10 சீட்டுகளை எடுத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு சீட்டை மட்டும் இழுங்கள். நான்கு முகத்துக்குச் சாதாரணப் பகடையில் 5, 6 விழுந்தால் மறுபடி போடுங்கள்.

கடைசியாக மொழி. குறிப்பைத் தமிழிலேயே எழுதுங்கள், அதுவும் வாயில் வருகிற மாதிரி. ஆச்சியின் அட்டையில் அவருடைய குணத்தை விவரிக்க வேண்டாம், ஒரு வசனம் எழுதுங்கள்: “உதுக்குள்ள இறங்காதையுங்கோ பிள்ளையள்.” அதை வாசித்தவுடன் அவர் குரல் உங்களுக்கு வந்துவிடும்.

விதிகளையும் தமிழாக்கலாம், தடையில்லை. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளான எஸ்.ஆர்.டி. 5.1 ஐ 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டிருக்கிறார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் மொழிபெயர்க்கலாம், பகிரலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுக்காதீர்கள். திறன் சோதனைப் பகுதியில் தொடங்குங்கள். ஒரு செயல் பலிக்க, இருபது முகப் பகடையில் விழும் எண்ணும் பாத்திரத்தின் திறன் எண்ணும் சேர்ந்து எட்ட வேண்டியது இலகு 10, நடுத்தரம் 15, கடினம் 20 என்ற அளவு தெரிந்தாலே பாதி விளையாட்டு ஓடும். நான்கைந்து பக்கம் ஆனதும் எனக்கு அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன், இந்தத் தளத்திலேயே வெளியிடுவோம்.

அன்புடன்,
அக்கா