டி-சர்ட் டிசைனும் லைன் உற்பத்தியும்: கேள்வி பதில்

திருப்பூர் பக்கத்து யூனிட்களில் இருந்து வந்த கேள்விகள். லைன் என்பது ஒரே டி-சர்ட்டை ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துத் தைக்கும் டெய்லர் வரிசை. கணக்கெல்லாம் ஒரே ஸ்டைலை வைத்துத்தான்: 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி (மெல்லிய பனியன் துணி), ரவுண்ட் நெக், அரைக்கை, பின்கழுத்தில் டேப்.

கே: அண்ணா, லைன்ல 10 டெய்லர். 8 மணி நேரத்துல 480 பீஸ்தான் வருது. ஆளுங்க வேகம் பத்தலைன்னு முதலாளி சொல்றார். சரியா?

ஆளைக் குறை சொல்வதற்கு முன்னால் கணக்கைப் போட்டுப் பாருங்க. இந்த ஸ்டைலில் ஒரு பீஸுக்கு நிமிடக் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: தோள் ஜாயிண்ட் 0.40, ரிப் (கழுத்துப் பட்டி) ரெடி பண்ண 0.25, ரிப் வைக்க 0.50, டேப் வைக்க 0.45, டேப் மூட 0.60, கை மடிப்பு 0.50, கை ஜாயிண்ட் 0.85, சைடு 0.90, பாடி பாட்டம் (கீழ் மடிப்பு) 0.50, லேபிள் 0.30. மொத்தம் 5.25 நிமிடம். உங்க லைன்ல ஸ்டாப்வாட்ச் வைத்து ஒவ்வொரு வேலைக்கும் பத்துப் பீஸாவது அளந்து, இந்த எண்களை உங்க எண்களாக மாத்திக்கோங்க.

480 பீஸ் × 5.25 = 2,520 நிமிட வேலை. நீங்க சம்பளம் கொடுக்கிறது 10 × 480 = 4,800 நிமிடத்துக்கு. ஆக அதில் 52.5 சதவீதம்தான் வேலையாகுது. ஆனா ஒரு வேலைக்கு ஒரு ஆள் என்று உட்கார வைத்தால், சைடு தைக்கிறவர் நிமிர்ந்தே பார்க்காமல் தைத்தாலும் 480 ÷ 0.90 = 533 பீஸுக்கு மேல் வராது. லைனுக்கு உச்சவரம்பே அதுதான். மத்த ஒன்பது பேரும் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் சைடுக்கு முன்னால் பீஸ் கட்டுதான் குவியும்.

மாத்த வேண்டியது இது: சைடுக்கு ஒரு ஆள், கை ஜாயிண்டுக்கு ஒரு ஆள் கூட்டுங்க. ரிப் ரெடியும் லேபிளும் இரண்டும் சிங்கர் (சாதா தையல் மெஷின்) வேலை, சேர்த்தால் 0.55 நிமிடம், ஒரே ஆளிடம் கொடுங்க. இப்போ 11 பேர். அடுத்த மெதுவான வேலை டேப் மூடுவது, 0.60. உச்சவரம்பு 800 பீஸ். நடைமுறையில் அதில் 85 சதவீதம், அதாவது 680 எதிர்பார்க்கலாம். ஒரே ஒரு ஆள் கூட, 200 பீஸ் கூட.

கே: அதுக்குப் பதிலா ஒன்றரை ஷிப்ட் ஓட்டினா?

ஓவர்டைமுக்கு முழு லைனையும் இருக்க வைக்காதீங்க. ஏற்கெனவே உள்ள 10 பேரை வைத்தே 680 பீஸ் வேணும் என்றால், சைடுக்கு இடைவிடாமல் தைத்தாலே 612 நிமிடம் தேவை. அந்த ஒருவர் மட்டும் குறைந்தது 132 நிமிடம், கை ஜாயிண்ட் ஆள் குறைந்தது 98 நிமிடம் கூடுதலாக இருந்தால் போதும். பாட்டம் ஆளைப் பிந்தி வரச் சொல்லுங்க. பீஸ் இல்லாமல் உட்கார்ந்திருக்கிற மற்றவர்களுக்கு ஓவர்டைம் கொடுப்பது வீண்.

கே: சார், புதுசா அதிவேக ஓவர்லாக் (ஓரத்தை வெட்டிக்கிட்டே தைக்கிற மெஷின்) வாங்கலாமா? சைடு வேகமாகுமா?

ஒரு பக்கச் சைடு, கையின் அடிப்பகுதியும் சேர்த்து, சுமார் 60 செ.மீ. செ.மீ.க்கு 5 தையல் என்றால் 300 தையல். மெஷின் நிமிடத்துக்கு 5,000 ஓடினால் 3.6 நொடி. இரண்டு பக்கமும் 7.2 நொடி. ஆனா சைடு வேலைக்கு நாம் வைத்திருப்பது 0.90 நிமிடம், 54 நொடி. மீதி 47 நொடியும் கை வேலை: பாடியை எடுப்பது, கை மடிப்பு முனைகள் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது, அக்குளில் குறுக்குத் தையலை ஒத்துப் பிடிப்பது, நடுவில் நிறுத்தி வாஷ்கேர் லேபிளைச் செருகுவது, திருப்பி அடுத்த பக்கம், நூல் வெட்டி ஒதுக்குவது. 6,000 ஓடும் மெஷின் வாங்கினால் மிச்சமாவது 1.2 நொடி.

அந்தப் பணத்தில் தானியங்கி நூல் வெட்டி போடுங்க. கட்டு வைக்கும் தட்டு டெய்லரின் இடது கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். கைமடிக்கிறவர் பீஸை ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்கித் தரட்டும். குனிந்து எடுப்பது நின்றாலே வித்தியாசம் தெரியும்.

கே: நான் பேட்டர்ன் மாஸ்டர். என் பக்கம் என்ன செய்யலாம்?

நிறைய. என்னைக் கேட்டால் லைனின் வேகம் பாதிக்கு மேல் உங்க மேஜையில்தான் முடிவாகிறது.

கையின் முன்வளைவும் பின்வளைவும் கிட்டத்தட்ட ஒன்று போல இருந்தால் டெய்லர் ஒவ்வொரு முறையும் யோசிப்பார், சில முறை மாத்தியும் தைப்பார். முன்னுக்கு ஒரு நாட்ச் (ஓரத்தில் சின்ன அடையாள வெட்டு), பின்னுக்கு இரண்டு நாட்ச். ஆழம் 3 மி.மீ. அதற்கு மேல் போனால் ஓவர்லாக் வெட்டைத் தாண்டி ஓட்டை தெரியும்.

கையைத் தட்டையாக மடித்து, பாடியோடு திறந்த நிலையில் ஜாயிண்ட் போட்டு, கை முனையிலிருந்து பாட்டம் வரை ஒரே ஓட்டமாகச் சைடு அடிப்பது வேகமான முறை. இதில் ஒரு குறை உண்டு: கை முனையில் இரண்டு மடிப்பும் 2 மி.மீ. விலகினாலும் கண்ணில் படும், அங்கே சிங்கரில் ஒரு பூட்டுத் தையலும் வேணும். சைடு அடித்த பிறகு வட்டமாக மடித்தால் சுத்தமாக இருக்கும், நேரம் கூடும். எது வேணும் என்பதை சாம்பிள் கட்டத்திலேயே பையரிடம் (ஆர்டர் கொடுப்பவரிடம்) எழுதி வாங்கிடுங்க.

பின்கழுத்து டேப் மட்டும் 1.05 நிமிடம், மொத்தத்தில் 20 சதவீதம். அது கழுத்தின் வடிவைத் தாங்குது, ஓவர்லாக் தையலை மறைக்குது. அதனால் நாமாகத் தூக்கக் கூடாது. ஆனால் விலை குறைக்கச் சொல்லும் பையரிடம் முதலில் பேச வேண்டிய இடம் இதுதான்.

கே: சைடு தையலே இல்லாம டியூப் துணியில போட்டா?

அந்த 0.90 நிமிடத்தில் கையின் அடித் தையல் மட்டும் மிஞ்சும், துவைத்த பிறகு சைடு தையல் முன்பக்கம் திரும்புகிற புகாரும் வராது. ஆனா ஒவ்வொரு சைஸுக்கும் தனி டயா (டியூப் துணியின் அகலம்) வேணும். நான்கு சைஸ் என்றால் நான்கு டயாவில் நிட்டிங், நான்குக்கும் சாயப்பட்டறையிலிருந்து அகலம் சரியாக வரணும். ஒரு டயா 1 செ.மீ. குறைந்து வந்தால் அந்த சைஸ் முழுக்க நின்றுவிடும். ஆர்டர் பெரிதாகவும் சைஸ் குறைவாகவும் இருந்தால் மட்டும் போங்க.

கே: துணிக் கணக்கு எப்பவும் இடிக்குது. 10,000 பீஸுக்கு எவ்வளவு எடுக்கணும்?

பாடி நீளம் 72 + கை 22 + மடிப்பு, தையல் 10 = 104 செ.மீ. பாதி மார்பு 54 + 4 = 58 செ.மீ. 104 × 58 × 2 = 12,064 சதுர செ.மீ., அதாவது 1.206 சதுர மீட்டர். × 160 = 193 கிராம். சேதாரம் 10 சதவீதம் சேர்த்தால் 212 கிராம். 10,000 பீஸுக்கு சுமார் 2,120 கிலோ. ரிப் துணி தனி.

இடிப்பது பெரும்பாலும் ஜிஎஸ்எம்மில். 160 கேட்டு 168 வந்தால் அதே பீஸுக்கு 5 சதவீதம், சுமார் 106 கிலோ கூடப் போகும். துணியை எடைக்குத்தானே வாங்குறோம்! வந்த அன்றே ரோலுக்கு ரோல் வட்டக் கட்டரில் வெட்டுங்க. கட்டர் துண்டு 100 சதுர செ.மீ.; 1.60 கிராம் நின்றால் 160 ஜிஎஸ்எம். வெட்டுவதற்கு முன் துணியைப் பிரித்து ஆற விடுங்க. இழுத்து லே போட்டால் (அடுக்கி விரித்தால்) மார்க்கரில் (வெட்டு வரைபடத்தில்) மிச்சம் தெரியும், பேக்கிங்கில் நீளம் குறையும்.

கே: பீஸ் ரேட்ல விட்டா வேகம் வருது, ஆல்டரும் (திருத்தித் தைக்க வேண்டிய பீஸ்) வருதே அண்ணா?

கடைசிச் செக்கிங்கில் பிடித்தால் ஏற்கெனவே ஒரு நாள் உற்பத்தி கெட்டுப் போயிருக்கும். மணிக்கு ஒரு முறை ஒவ்வொரு மெஷினிலும் 7 பீஸ் எடுத்துப் பாருங்க. ஒரு குறை இருந்தாலும் மெஷினை நிறுத்தி, காரணத்தைச் சரி செய்த பிறகு ஓட விடுங்க. ஆல்டரைத் தைத்தவரே பிரிக்கட்டும் என்று ரேட் பேசும்போதே சொல்லிடுங்க. 10,000 பீஸ் லாட்டில் பையர் ஆள் 2.5 ஏக்யூஎல்லில் (ஏற்கக்கூடிய குறை வரம்பு) சோதித்தால் 200 பீஸ் எடுப்பார். பெரிய குறை 10 வரை பாஸ், 11 என்றால் லாட் திரும்பும்.

தையலோரம் சின்னச் சின்ன ஓட்டை வந்தால் ஆளைத் திட்டாதீங்க, ஊசியைப் பாருங்க. சிங்கிள் ஜெர்சிக்கு உருண்டை முனை ஊசி, 75 அல்லது அதற்கும் சின்னது. மழுங்கின ஊசி நூலை விலக்காமல் அறுத்துவிடும்.

கே: ஸ்டைல் மாறும் நாள்ல பாதி நாள் போயிடுது.

மெஷினை நிறுத்திவிட்டுத் தேடுகிற வேலைகளைப் பட்டியல் போடுங்க: நூல் கோன், போல்டர் (துணியை மடித்துக் கொடுக்கும் கருவி), ஊசி, பேட்லாக் (மடிப்புத் தையல் மெஷின்) கேஜ், அளவுச் சீட்டு, சீல் சாம்பிள் (பையர் ஒப்புக்கொண்ட மாதிரி பீஸ்). இவை எல்லாம் முந்தின நாள் மாலையே அந்தந்த மெஷின் பெயர் எழுதிய டிரேயில் இருக்கணும். லைனை மொத்தமாக நிறுத்தாதீங்க. பழைய ஸ்டைலின் கடைசிக் கட்டு தோள் ஜாயிண்டைத் தாண்டியதும், அந்த மெஷினில் புதுசு தொடங்கட்டும். முதல் பீஸ் அளவு சரியாக வரும் வரை இரண்டாவது கட்டைப் பிரிக்க விடாதீங்க.