கார்டு போச்சு என்றால் ரீல் எங்கிருந்து வந்தது?

கேள்வி: ஆவணி மாதம் திண்டுக்கல்லில் என் மகளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மதுரையில் உள்ள ஒரு ஸ்டுடியோவில் போட்டோ, வீடியோ, ஆல்பம் எல்லாம் சேர்த்து 55,000 ரூபாய்க்குப் பேசினோம். அட்வான்ஸ் 15,000, விசேஷத்தன்று 25,000 கொடுத்தாயிற்று. ஸ்டுடியோக்காரர் தானே வருவதாகச் சொன்னார். வந்ததோ இரண்டு பையன்கள். ஏழு மாதம் ஆகிறது. போட்டோக்கள் மட்டும் லிங்க்கில் வந்தன. வீடியோ கேட்டால், "தட்டு மாத்தினதுல இருந்து பூ வெச்சது வரைக்கும் ஓடுன கேமராவோட கார்டு கரப்ட் ஆயிடுச்சு. பாக்கி 15,000 குடுங்க, இருக்கிறதை வெச்சு எடிட் பண்ணித் தர்றோம்" என்கிறார். பில்லின் பின்பக்கம், "டேட்டா இழப்புக்கு நிறுவனம் பொறுப்பல்ல. அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது" என்று அச்சடித்திருக்கிறது. இதற்கிடையே தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எங்கள் விசேஷத்தை ரீலாகப் போட்டிருக்கிறார். எடுக்கச் சொன்னால், "எடுத்தது நாங்க, காப்பிரைட் எங்களுது" என்கிறார். அந்த ரீலில் என் மாமியார் பேத்திக்குப் பூ வைத்துவிடுவது ஒரு நான்கு நொடி வருகிறது. மார்கழியில் மாமியார் தவறிவிட்டார். போலீசில் புகார் கொடுக்கலாமா? வைகாசியில் கல்யாணம்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, முதலில் ஒரு வேண்டுகோள். ரீலை எடுக்கச் சொல்லி இனி அவரிடம் ஒரு வார்த்தை பேசாதீர்கள். அதைப் பார்த்தால் உங்களுக்குக் கோபம் வருவது நியாயம். ஆனால் இந்த வழக்கில் உங்களுக்குக் கிடைத்திருக்கும் சாட்சிகளிலேயே நல்ல சாட்சி அதுதான். பூ வைத்ததை எடுத்த கேமராவின் கார்டு போய்விட்டது என்கிறார். பூ வைப்பது ரீலில் ஓடுகிறது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்.

அவர் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ரீலுக்கென்று ஒரு பையன் போனில் தனியாக எடுப்பது இப்போது எல்லா விசேஷத்திலும் நடக்கிறது. "அது போன்ல எடுத்தது மேடம்" என்று நாளைக்குச் சொல்லலாம். அதனால் அந்த நான்கு நொடியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மேடைக்கு எந்தப் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறது? அங்கே ஸ்டாண்டு போட்டு நின்றது எந்தக் கேமரா? உறவினர்கள் போனில் எடுத்த படங்களில் அந்தக் கேமராவும் அதை வைத்திருந்த பையனும் எங்கேயாவது தெரிவார்கள், தேடுங்கள். சரி, போனில்தான் எடுத்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் போனில் உள்ள முழு கிளிப்பையும் நீங்கள் கேட்கலாம்.

இன்றைக்கே செய்ய வேண்டியது இது. வீட்டில் இரண்டு போன்களில், அவருடைய பக்கத்தின் பெயரிலிருந்து ஆரம்பித்து, ரீல் முழுக்க ஓடி, போட்ட தேதி தெரியும்வரை ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுங்கள். ரீலின் லிங்க்கைக் காப்பி செய்து வையுங்கள். அவரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள். அந்தப் போன்களை வழக்கு முடியும்வரை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023, பிரிவு 63இன்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். பழைய சட்டத்தில் 65பி என்று இருந்ததுதான் இது. நுகர்வோர் ஆணையத்தில் சாட்சிய விதிகளை அவ்வளவு கறாராகப் பார்ப்பதில்லை என்றாலும், ஒரிஜினல் போன் கையில் இருந்தால் எதிர்த்தரப்பு வாயைத் திறக்காது.

அடுத்து, எனக்கு இருக்கிற பெரிய கவலை பணம் இல்லை. ஸ்டுடியோக்களில் ஹார்ட் டிஸ்க் நிறைய நிறைய பழைய விசேஷங்களை அழித்துக்கொண்டே இருப்பார்கள். ஏழு மாதம் ஆகிவிட்டது. மெமரி கார்டு கரப்ட் ஆவதாலேயே உள்ளே இருப்பது அழிந்துவிடாது. அதன் மேல் வேறு எதையும் பதிவு செய்யாமல் எடுத்து வைத்திருந்தால், டேட்டா ரெக்கவரி செய்கிறவர்கள் பல நேரங்களில் மீட்டுத் தருகிறார்கள். அதே கார்டை மறுநாள் வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் போட்டு ஓட்டியிருந்தால் நம்பிக்கை குறைவு. அதனால் நோட்டீஸ் அனுப்பும்வரை காத்திருக்காமல், இன்றே வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் இப்படி எழுதுங்கள்:

"எங்கள் நிச்சயதார்த்தத்தில் எடுத்த எல்லா கேமரா, போன் பதிவுகளையும், கரப்ட் ஆனதாகச் சொல்லும் மெமரி கார்டையும், எடிட்டிங் கணினியில் உள்ள கோப்புகளையும் அழிக்காமல், வேறு விசேஷத்துக்குப் பயன்படுத்தாமல் வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறோம். கார்டை எங்களிடம் கொடுத்தால் எங்கள் செலவில் ரெக்கவரி செய்ய முயல்கிறோம். பேசியபடி வீடியோவும் ஆல்பமும் கிடைத்த அன்றே பாக்கி 15,000 ரூபாய் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்."

கோபமாக ஒரு சொல் இல்லாமல் அனுப்புங்கள். ரீலைப் பற்றி மூச்சு விட வேண்டாம். கடைசி வாக்கியம் முக்கியம். "பாக்கி தரல, அதான் வேலை செய்யல" என்பதுதான் ஸ்டுடியோக்காரர்களின் வழக்கமான எதிர்வாதம். நீங்கள் தயார் என்று எழுத்தில் இருந்தால் அது நிற்காது. பாக்கி எப்போது கொடுக்க வேண்டும் என்று பில்லில் இருக்கிறதா பாருங்கள். "டெலிவரியின்போது" என்றிருந்தால், பணமும் பொருளும் ஒரே நேரத்தில் கைமாற வேண்டியவை. ஒப்பந்தச் சட்டத்தின் 51வது பிரிவு, மறுதரப்பு தன் பங்கைச் செய்யத் தயாராக இல்லாதபோது நீங்கள் உங்கள் பங்கைச் செய்ய வேண்டியதில்லை என்கிறது. முன்பணமாக அந்த 15,000ஐ மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இனி "காப்பிரைட் எங்களுது" விஷயத்துக்கு வருவோம். இதை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பாதிப்பேர் உண்மையாகவே நம்புகிறார்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 17வது பிரிவு பொதுவாகப் படைத்தவருக்கே உரிமை என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆனால் அதன் (பி) உட்பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் பணம் பெற்று எடுத்த போட்டோவுக்கும் படத்துக்கும், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, கேட்டுக்கொண்டவரே முதல் உரிமையாளர் என்கிறது. 'சினிமாட்டோகிராஃப் படம்' என்ற சொல்லைச் சட்டம் எந்தக் காட்சிப் பதிவுக்கும் பொருந்தும்படி வரையறுத்திருப்பதால், நிச்சயதார்த்த வீடியோவும் அதில் அடக்கம். ஆக, உரிமை உங்களுடையது. பில்லில் எங்காவது "விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்வோம்" என்று இருந்து அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. அது இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஒன்றை மட்டும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். பதிப்புரிமை உங்களுடையது என்பதால் மட்டுமே அவருடைய ஹார்ட் டிஸ்க்கும் உங்களுடையதாகிவிடாது. எடிட் செய்யாத ரா ஃபுட்டேஜ் தருவதாகப் பேசவில்லை என்று அவர் வாதிடலாம். ஆனால் எடிட் செய்த வீடியோவையும் தராமல், ராவையும் தராமல், ரீல் மட்டும் போட்டுக்கொள்வேன் என்றால் அந்த வாதம் எடுபடாது. (அந்த ரீலுக்குப் பின்னால் நிச்சயம் ஒரு சினிமாப் பாட்டு ஓடும். அதற்கு யாரிடம் அனுமதி வாங்கினார் என்று கேட்டால் காப்பிரைட் பேச்சு அத்தோடு நின்றுவிடும். கேட்க வேண்டாம், சும்மா சொன்னேன்.) வழக்குத் தாக்கலான பிறகு இன்ஸ்டாகிராமின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்திலேயே ரீலை நீக்கச் சொல்லலாம். அதுவரை அது அங்கேயே இருக்கட்டும்.

பில்லின் பின்பக்க வாசகங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1960களில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு சலவைக்கடை வழக்கு வந்தது. வெளுக்கப் போட்ட புதுச் சேலை தொலைந்துபோயிற்று. துணி தொலைந்தால் அதன் விலையில் 15 சதவீதம்தான் தருவோம் என்று ரசீதில் அச்சடித்திருக்கிறதே என்றார்கள். இப்படி ஒரு நிபந்தனையை அனுமதித்தால் கடைக்காரர் அஜாக்கிரதையாக இருப்பதற்கு அதுவே ஊக்கமாகிவிடும், பொதுநலனுக்கு எதிரானது என்று நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. ஸ்டுடியோ பில்லுக்கும் சலவை ரசீதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே தடவை நடக்கும் விசேஷத்தைப் பதிவு செய்ய வந்தவர், ஒரே கார்டை நம்பி, அன்றிரவே நகல் எடுக்காமல் விட்டது கவனக்குறைவு. பின்பக்கத்தில் நாலு வரி அச்சடித்து அதைத் துடைத்துவிட முடியாது.

அவரே வராமல் ஆள் அனுப்பியதும் குறைபாடுதான், அதைச் சின்ன விஷயமாக விடாதீர்கள். ஒருவருடைய கைத்திறனை நம்பிப் பேசிய வேலையை அவரேதான் செய்ய வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 40வது பிரிவு சொல்கிறது. "நானே வந்து நிக்கிறேன் மேடம்" என்ற மாதிரி ஏதாவது மெசேஜ் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். எப்போது தருவார் என்று பில்லில் தேதி இல்லாவிட்டால் நியாயமான காலத்துக்குள் தர வேண்டும் என்பது சட்டம். ஏழு மாதம் நியாயமான காலம் என்று எந்த ஆணையமும் சொல்லாது.

போலீஸ் வேண்டாம். மோசடி வழக்குக்கு, பணம் வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகக் காட்ட வேண்டும். ஆள் அனுப்பி, வேலை செய்து, போட்டோவும் கொடுத்தவர் மேல் அது நிற்காது. நாலு தடவை நடந்த பிறகு "சிவில் மேட்டர்மா, கோர்ட்டுக்குப் போங்க" என்று ஒரு சீட்டில் எழுதித் தருவார்கள். அதற்குள் கார்டு போய்விடும்.

போக வேண்டிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஸ்டுடியோ மதுரையில் இருந்தாலும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல்லிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை (நானே இதைச் சொல்வது சங்கடம்தான்). இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, ஆனால் உங்கள் விஷயத்தில் இரண்டு வாரம்கூடத் தள்ளக்கூடாது. மேலே சொன்ன மெசேஜுக்குச் சரியான பதில் வராவிட்டால், 15 நாள் கெடு வைத்து விரைவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், அப்புறம் நேராகப் புகார். நடுவில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து பார்க்கலாம். சில பேர் அந்த ஒரு போனிலேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

புகாருடன் ஓர் இடைக்கால மனுவும் போடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38(8) பிரிவின் கீழ் ஆணையம் இடைக்கால உத்தரவு போடலாம். கார்டையும் எல்லாப் பதிவுகளையும் அழிக்காமல் ஆணையத்தில் ஒப்படைக்க உத்தரவு கேளுங்கள். ரீல் ரெக்கார்டிங்கை இந்த மனுவோடுதான் முதன்முதலாகக் காட்ட வேண்டும். பணம் கொடுத்தது உங்கள் கணவர் என்றால் அவரும், பயனாளி என்ற முறையில் உங்கள் மகளும் சேர்ந்தே புகார்தாரராக இருக்கலாம்.

எவ்வளவு கிடைக்கும்? கொடுத்த 40,000இல் வீடியோவுக்கான பங்கு, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, செலவுத் தொகை. பில்லில் போட்டோ, வீடியோ பிரித்து எழுதாததால் பங்கு எவ்வளவு என்பதில் இழுபறி இருக்கும். லட்சக்கணக்கில் எதிர்பார்க்காதீர்கள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகத்தான் ஆகும். கடைசியில் உத்தரவை மதிக்காமல் இருந்தால் 72வது பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பெரும்பாலான ஸ்டுடியோக்காரர்கள் அதுவரை போக மாட்டார்கள். அவர்களுக்கு வைகாசி, ஆனி முகூர்த்தம் இருக்கிறது.

உங்களுக்கும்தான் வைகாசி. கல்யாணத்துக்கு வேறு ஆள் பிடிக்கும்போது இரண்டு விஷயத்தை எழுதி வாங்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகும் கேமராவில்தான் எடுக்க வேண்டும். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போதே எல்லாக் கார்டையும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒரு டிஸ்க் வாங்கி, வீட்டில் கணினி தெரிந்த ஒரு பையனை அதற்கென்றே உட்கார வைத்துவிடுங்கள். ரீல் போட அனுமதி உண்டா இல்லையா என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். ரீல் எந்தத் தேதியில் போட்டார், "கார்டு கரப்ட்" என்று முதன்முதலில் எந்தத் தேதியில் சொன்னார்? இரண்டையும் வாட்ஸ்அப்பில் பார்த்து எழுதுங்கள். நோட்டீஸின் முதல் பத்தியை நான் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.