தங்கையை மடத்திலிருந்து அழைத்துவர

அண்ணா, கன்னியாஸ்திரீ ஆவதற்கான நவசந்நியாசப் பயிற்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வர அழுகிறாள், பயிற்சிச் செலவைக் கட்டினால்தான் அனுப்புவோம் என்று மடத்துத் தலைவியான மதர் சொல்கிறார் என எழுதியிருக்கிறீர்கள். அவள் இன்னும் துறவற வாக்குறுதியான வார்த்தைப்பாடே கொடுக்கவில்லையே! கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 653-இன்படி நவசந்நியாசி தன் விருப்பப்படி வெளியேறலாம். பணத்தைக் காட்டி அடைத்துவைப்பது நாட்டுச் சட்டத்தில் குற்றம்.

போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் ஒரு சிஸ்டர் நிற்கத்தான் பேசவிடுகிறார்கள் என்றீர்கள். அந்தப் பேச்சில் எதையும் கிளறாதீர்கள், திட்டு அவளுக்குத்தான் விழும். அம்மாவோடு நேரில் போங்கள். ‘வீட்டுக்குப் போக விரும்புகிறேன்’ என்று அவள் கைப்பட எழுதி வாங்குங்கள். பிளஸ் டூ மார்க் ஷீட், ஆதார் எல்லாம் அன்றைக்கே கையில் வரட்டும்.

தடுத்தால் அங்கிருந்தே அவசர உதவி எண் 112 அல்லது பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள். அப்புறமும் விடவில்லையா, அடைத்துவைத்தவரை கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனுதான். உங்கள் ராயபுரத்திலிருந்து சென்னை ஹைகோர்ட் பக்கம்தான். இலவச வக்கீலுக்கு 15100 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள்.

நம் பங்குக் கோயிலில் சிலர் குடும்ப மானம் என்று ஆரம்பிப்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். யாராவது அவளிடம் தவறாக நடந்திருந்தால் முதலில் போலீஸ். 2019-இல் போப் பிரான்சிஸ் கொண்டுவந்த விதிப்படி பிஷப்பின் நிர்வாகமான மறைமாவட்டத்திலும் புகார் கொடுக்கலாம், ஆனால் அது இரண்டாவதுதான்.